பூண்டுத் தோல் பறக்கவில்லை

போன வெள்ளிக்கிழமை மதியம். வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே என் கார் நிற்கிறது. பங்குனி வெயில். நான்கு கண்ணாடிகளும் இறக்கியிருக்கின்றன. உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏ.சி. இல்லை. ஹீட்டர். அதுவும் முழு வேகத்தில்.

பக்கத்து லாரி டிரைவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். ஜன்னல் வழியாக அவர் முகத்தில் அடித்த காற்று அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பைத்தியம் என்று நினைத்திருப்பார். நீங்களும் நினைக்கலாம். ஆனால் என் கண் டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளின் மேல்தான் இருந்தது. அது நடுவில் நிற்க வேண்டிய முள். நடுவைத் தாண்டி, சிவப்புக் கோட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. இப்படி ஏறும்போது ஹீட்டரைப் போட்டால், எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது காருக்குள் இழுத்துக்கொள்ளும். எஞ்சின் தப்பிக்கும். உள்ளே இருக்கிறவர்கள்?

பின் சீட்டில் படுத்திருந்த என் அக்கா ஜமீலா கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள்.

"ஏன்டா... ஆஸ்பத்திரில அவங்க வேக வைக்கறது பத்தலைன்னு நீயும் வேக வைக்கறயா?"

சிரிப்பதா, அழுவதா?

அக்காவுக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்திருந்தது. அதற்குப் பிறகு கோயம்புத்தூரில் கதிர் சிகிச்சை. ஞாயிறும் சனியும் தவிர தினமும் போக வேண்டும். மெஷினில் படுக்கிற நேரம் கொஞ்சம்தான். எங்கள் ஊர் எலப்புள்ளியிலிருந்து போய் வருகிற நேரம்தான் அதிகம். "நடுவுல நிறுத்தினா பலன் போயிடும். ஒரு வாரம்கூட இடைவெளி கூடாது" என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

டாக்ஸி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். சிகிச்சை முடிந்து திரும்பும்போது அவள் கழுத்துத் தோல் தீய்ந்த மாதிரி கறுத்து எரியும். முக்காட்டை எடுத்துப் போட்டுவிட்டு, கழுத்தில் காற்றுப் பட, பின் சீட்டில் சாய்ந்தால்தான் அவளால் வீடு வந்து சேர முடியும். தெரியாத டிரைவர் முன்னால் அவள் முக்காட்டை எடுக்க மாட்டாள். எரிந்தாலும் மாட்டாள். தம்பி ஓட்டுகிற கார் என்றால் மட்டும் எடுப்பாள்.

ஆகவே, எங்கள் கார்தான். எங்கள் காருக்கோ காய்ச்சல்!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். பாலக்காடு கடைவீதியில் பூண்டு வியாபாரம். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. எழுதும்போது வருகிற வாய் நேரில் வராது. ஓட்டலில் சாம்பார் இன்னும் கொஞ்சம் கேட்கத் தயங்கி வெறும் தோசையைத் தின்கிற ஆள். ஹாரன் அடிக்கக்கூட எனக்குக் கூச்சம். முன்னால் போகிறவர் தப்பாக நினைத்துக்கொள்வாரே!

இந்தக் காரை எனக்கு விற்றவர் வட்டவடை முருகேசன். எங்கள் கடைக்குப் பல வருஷமாக மலையிலிருந்து பூண்டு அனுப்புகிற விவசாயி. தை மாசக் கடைசியில் அவர் பெரிய வண்டி வாங்கினார். பழைய டீசல் காரை என் தலையில் கட்டினார். கட்டினார் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது சந்தோஷமாகத்தான் வாங்கினேன்.

"வண்டி தங்கம் பாய். மலையே ஏறுது. ஒங்க பாலக்காட்டு ரோடெல்லாம் இதுக்கு ஒரு ரோடா?" என்றார்.

உண்மைதான். ஓடும்போது தங்கம்தான். கஞ்சிக்கோடு தாண்டி ஹைவேயில் ஏறினால் முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். வாளையாரில் லாரி வரிசை, கோயம்புத்தூர் உக்கடத்தில் சிக்னல்... நின்றால் போச்சு. முள் ஏறும். பானட்டிலிருந்து இனிப்பு வாசனையோடு ஆவி வரும்.

ஓடினால் குளிர்கிறது, நின்றால் கொதிக்கிறது. இதில் என்னைப் போலவே ஒரு கார் என்று முதலில் கொஞ்சம் பாசம்கூட வந்தது. ராத்திரி படுத்தால்தானே எனக்கும் மண்டை சூடாகிறது?

பாசம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

எங்கள் மெக்கானிக் சந்திரேட்டன். கஞ்சிக்கோடு பக்கம் வர்க்‌ஷாப். மலையாளி. எங்களோடு பழகிப் பழகித் தமிழும் மலையாளமும் கலந்து ஒரு பாஷை பேசுவார். கெட்டிக்காரர். நம்பிக்கை அதைவிடக் கெட்டி.

"நின்னா சூடாகுது, ஓடினா ஆகலை. அப்போ ஃபேன் தான் பாயே. ஓடும்போது காத்து தானே வரும். நிக்கும்போது ஃபேன்தான் இழுக்கணும். பேடிக்காதீங்க, நான் சரியாக்கித் தரேன்."

சரியான யோசனை. எனக்கே புரிந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற ஃபேன் முன்னாலிருந்து காற்றை உறிஞ்சித் தன் பக்கம் இழுக்க வேண்டும். பழைய ஃபேன் சோர்ந்துபோயிருந்தது. புதிது மாட்டினார். புதிய ஃபேன் விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்தது. கேட்கவே தெம்பாக இருந்தது.

மறுநாள் உக்கடத்தில் கொதித்தது.

அடுத்து தெர்மோஸ்டாட் வால்வு. அதையும் மாற்றினார். கொதித்தது. ரேடியேட்டர் மூடி, புதிய கூலன்ட், ரப்பர் ஹோஸ், வாட்டர் பம்ப்... ஒவ்வொன்றாக மாற்றினார். வெளியே மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றியாயிற்று. ஒவ்வொரு தடவையும் "இப்போ சரி" என்பார். ஒவ்வொரு தடவையும் நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே கோயம்புத்தூர் போவேன். ரோட்டைப் பார்த்த நேரத்தைவிட முள்ளைப் பார்த்த நேரம் அதிகம். எப்படி யார் மேலும் மோதாமல் போய் வந்தேன் என்று எனக்கே தெரியாது.

அப்புறம்தான் அந்த வெள்ளிக்கிழமை. ஹீட்டர் யோசனையும் சந்திரேட்டன் போனில் சொன்னதுதான். எப்படியோ வாளையாரைத் தாண்டி நேராக அவர் வர்க்‌ஷாப்பில் போய் நிறுத்தினேன். அவர் பானட்டைத் திறந்து நின்றார். வழக்கமான சிரிப்பு இல்லை.

"பாயே, வெளியே எல்லாம் புதுசு. இனி உள்ளேதான். ஹெட் கேஸ்கட் போயிருக்கணும். எஞ்சின் தலையைக் கழட்டிப் பாக்கணும். திங்கட்கிழமை வண்டியை இங்கே விட்டுடுங்க."

"எத்தனை நாளாகும் சந்திரேட்டா?"

"தலையை லேத்துக்கு அனுப்பணும். ஒரு வாரம் சொல்லலாம். பத்து நாள்னு வெச்சுக்கோங்க."

நான் பின் சீட்டைப் பார்த்தேன். அக்கா எழுந்து உட்கார்ந்து முக்காட்டைச் சரி செய்துகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள். கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"திங்கக்கிழமையிலிருந்து நான் வரலீடா. இத்தன நாள் போனது போதும். உனக்கும் கடை கண்ணி இருக்குது. நான் யாருக்கும் பாரமா இருக்கறதுக்கில்ல."

"அக்கா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டரா வந்து ஹீட்டர் போட்டுட்டு உட்காந்தாரு?"

உள்ளே போய்விட்டாள்.

மச்சான் இறந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்கிறேன். யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது. கறிக்குழம்பில் துண்டு எடுக்கும்போதும் அதேதான். புதுப் புடவை எடுத்துத் தந்தாலும் அதேதான். வாக்குவாதமே செய்ய முடியாத வார்த்தை. எதிர்த்துப் பேச எனக்கும் வாய் கிடையாது.

இந்த வார்த்தை இப்போது அவள் கழுத்துக்கே வந்துவிட்டதே என்றுதான் அன்று தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலை. அக்கா கடைக்கு வருவேன் என்று அடம்பிடித்தாள். சிகிச்சை தொடங்கியதிலிருந்து கடைப் பக்கம் வராதவள். "சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் புடிக்கும். பூண்டாவது பாக்கறேன்" என்றாள். கூட்டி வந்தேன்.

பூண்டுக் கடையைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பூண்டைக் கொட்டித் தரம் பிரிக்கும்போது பக்கத்தில் டேபிள் ஃபேன் ஓட வேண்டும். உதிர்கிற தோலையெல்லாம் ஃபேன் வாசல் பக்கம் ஊதித் தள்ளும். நல்ல பூண்டு கீழே தங்கும். அக்கா இதில் கை தேர்ந்தவள். முன்பக்கம் ஃபேன் ஊதுகிறது, சரி. பின்பக்கம்? அது காற்றை உறிஞ்சுகிறதல்லவா? அதனால் எங்கள் கடை ஃபேனின் முதுகு வலையில் எப்போதும் பூண்டுத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். வாரம் ஒரு தடவை சுரண்டி எடுப்போம்.

அக்கா உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்லாவில் உட்கார்ந்தேன், எழுந்தேன். வாசலில், கடையைப் பார்த்து நிறுத்தியிருந்த காரில் ஏறி ஸ்டார்ட் செய்தேன். எதற்கு? தெரியாது. நின்றபடியே எவ்வளவு நேரத்தில் சூடாகிறது என்று பார்க்கலாமே! வலிக்கிற பல்லை நாக்கு தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரிதான்.

முள் ஏறியது. ரேடியேட்டர் ஃபேன் இரைந்து ஓட ஆரம்பித்தது. கடைவீதியே திரும்பிப் பார்க்கிற சத்தம். எனக்குக் கூச்சமாகி அணைக்கப் போனேன்.

"அணைக்காதே!"

அக்கா. ஸ்டூலிலிருந்து எழுந்து வாசல் விளிம்புக்கே வந்துவிட்டாள்.

"அந்த ஃபேனு ஓடுதா?"

"கேக்கலையா அக்கா? ஊரே கேக்குது."

"கேக்குது. இழுக்குதா?"

புரியவில்லை. அவள் கையை நீட்டினாள். எங்கள் டேபிள் ஃபேன் ஊதிய தோல்கள் மிதந்து மிதந்து வந்து காரின் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தன. கிரில்லுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து, மெதுவாகத் தரையில் விழுந்தன. ஒன்றுகூட கிரில்லில் ஒட்டவில்லை.

"நம்ம ஃபேனு முதுகுல தோலு ஒட்டுதில்ல? இது அதவிட பெரிய ஃபேனு. இந்த சத்தம் போடுது. ஒரு தோலை இழுக்க மாட்டேங்குதேடா?"

அவளே ஒரு கை தோலை அள்ளி கிரில்லின் முன்னால் தூவினாள். நேராகக் கீழே விழுந்தது. பூண்டுத் தோலைவிட லேசான பொருள் எங்கள் கடைவீதியில் எதுவும் இல்லை. மூச்சு விட்டாலே பறக்கும். அதுவே பறக்கவில்லை.

ஃபேன் ஓடுகிறது. காற்று வரவில்லை. அப்படியானால் நடுவில் ஏதோ மறிக்கிறது!

காரை அணைத்தேன். அடுத்த கவலை உடனே வந்துவிட்டது. இதைச் சந்திரேட்டனிடம் எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் எஞ்சின் பார்க்கிறவரிடம் போய், பூண்டுத் தோல் பறக்கவில்லை என்றா? போனை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.

"குடுறா இங்க" என்றாள் அக்கா. "உன் கூச்சத்துக்குள்ள எனக்கு ஆயுசு முடிஞ்சிரும்."

அந்த வார்த்தை சுட்டது. போனை அவளிடம் கொடுக்கவில்லை. நானே பேசினேன்.

சந்திரேட்டன் சிரித்தார். போனே அதிர்ந்தது. "பாயே, பூண்டுத் தோல் வெச்சு எஞ்சின் நோக்குறதா? இனி முருங்கைக்காய் வெச்சு பிரேக் நோக்கலாமா?"

வழக்கமாக இந்த இடத்தில் நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். அன்று வைக்கவில்லை.

"சிரிங்க சந்திரேட்டா. ஆனா தலையைக் கழட்டறதுக்கு முன்னாடி அந்த ஃபேனுக்கு முன்னாடி என்ன இருக்குதுன்னு ஒரு தடவ பாருங்க. நான் இப்பவே வண்டியைக் கொண்டு வர்றேன். அக்காளும் வருது."

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "வாங்க" என்றார்.

போனதும் அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? சுவரிலிருந்த காலண்டரில் போன மாசத்தைக் கிழித்தார். எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யைப் போட்டு, ஃபேன் இரையும்போது அந்தத் தாளை கிரில்லில் வைத்துக் கையை எடுத்தார். ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய தாள் அவர் செருப்பின் மேல் விழுந்தது.

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"இத்தாத்தா சொன்னது சரிதான்."

ரேடியேட்டருக்கு முன்னால் ஏ.சி.க்கு இன்னொரு வலை இருக்கிறது. இரண்டும் ஒட்டினாற்போல நிற்கும். முன்னாலிருந்து பார்த்தால் ஏ.சி. வலை தெரியும், சுத்தமாக இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் ஃபேன் தெரியும், புதிதாக இருக்கும். நடுவில் இருக்கிற விரல் அகலச் சந்து யார் கண்ணுக்கும் தெரியாது. மேலே பிளாஸ்டிக் மூடி வேறு. அதைக் கழற்றி டார்ச் அடித்தார். கறுப்பாக, தட்டையாக ஏதோ நின்றது. நீள மூக்குக் குறடால் பிடித்து இழுத்தார்.

வந்தது... வந்துகொண்டே இருந்தது.

ஒரு சாக்குத் துண்டு. நான்காக மடித்துத் தைத்தது. ரேடியேட்டரில் சரிபாதியை, அதாவது ஃபேன் இருக்கிற பாதியை மட்டும் அது மூடியிருந்தது. ஓடும்போது மற்றப் பாதி வழியாகக் காற்று புகுந்து எஞ்சினைக் காப்பாற்றியது. நின்றால் ஃபேன் மட்டும்தானே கதி? அந்த ஃபேன் பாவம், உயிரைக் கொடுத்துச் சாக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

குழாயடியில் சாக்கைக் கழுவினார். அழுக்குப் போனதும் சிவப்பு மையில் ஒரு வட்டம் தெரிந்தது. வட்டத்துக்குள் குறுக்கே ஒரு கோடு.

அது என் கடை முத்திரை.

பூண்டு வந்திறங்கியதும் காலிச் சாக்குகளில் எங்கள் முத்திரையைக் குத்தி வட்டவடைக்கே திருப்பி அனுப்புவது வழக்கம். அடுத்த லோடு அதில் வரும். அப்படி நானே குத்தி, நானே கட்டி, நானே மலைக்கு அனுப்பிய சாக்குதான் என் காருக்குள்!

முருகேசனுக்குப் போன் போட்டேன்.

"அட, ஆமா பாய்!" என்றார், தொலைந்த ஆடு கிடைத்த மாதிரி. "மார்கழிப் பனியில இங்க காலையில எஞ்சின் சூடாவே ஆகாது. ரேடியேட்டர்ல பாதிய மறைச்சாத்தான் ஒழுங்கா ஓடும். வட்டவடையில எல்லாரும் செய்யிறதுதான். வெளிய கட்டுனா பாக்க அசிங்கமா இருக்குன்னு உள்ளுக்குள்ள சொருகுனேன். பனி போனதும் எடுக்கணும்னு இருந்தேன்... அதுக்குள்ள வண்டிய நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க."

"என் கடை சாக்கு, முருகேசா."

"பின்ன? ஒங்க சாக்குதான பாய் கெட்டியா இருக்கு."

எப்படிக் கோபப்படுவது? அவர் செய்தது தப்பே இல்லை. அந்தக் குளிருக்கு அந்தச் சாக்கு தேவைதான். மலையில் எஞ்சினைக் காப்பாற்றியது, இறங்கி வந்தபின் கொதிக்க வைத்தது. எடுக்க மறந்ததுதான் குற்றம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கோ ஒரு குளிருக்கு நாம் சொருகிக்கொண்டது எத்தனை இருக்கும்? பள்ளிக்கூடத்தில் யாரோ சிரித்ததற்காக நான் வாயை மூடிக்கொண்டேன். சிரித்தவர்கள் எங்கே போனார்களோ? நான் மட்டும் இன்னும் ஹாரன் அடிக்கக் கூச்சப்படுகிறேன். அக்கா? தம்பி வீட்டில் வந்து இருக்கிறோமே என்று அன்றைக்குச் சொருகிக்கொண்டதுதானே அந்தப் 'பாரம்'?

அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வராது. இங்கே எழுதிவிட்டேன். அவளுக்கு இந்தப் பக்கத்தை என் மனைவிதான் படித்துக் காட்டுவாள். கேட்டுக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா கோயம்புத்தூர் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, மறுபடி 'வரலீடா' என்றுவிட்டால்? வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். காரை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். பூண்டுத் தோல் எடுத்துத் தூவியும் பார்த்தேன். கிரில்லில் பசை போட்ட மாதிரி ஒட்டியது. மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்து, "ஏனுங்க, காருக்கு மந்திரிக்கறீங்களா?" என்றாள்.

திங்கட்கிழமை காலை. சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஹாரன் சத்தம். விடாமல் அடித்தது. தெருவே எழுந்திருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தேன். முன் சீட்டுக்குக் கையை எட்டி, ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின் சீட்டில் அக்கா.

"மெஷினு காத்துட்டு இருக்குதுடா. நீ பவுடர் போட்டுட்டு இருக்கறயா?"

வாளையாரில் அன்றும் லாரி வரிசை. நின்றோம். ஃபேன் இரைந்தது. ஏ.சி. குளிர்ந்தது. அக்கா முக்காட்டை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முள் நடுவில்.

ஒரு நிமிஷம் பார்த்தேன். நடுவில்தான். இன்னொரு தடவை பார்த்தேன். நடுவில்தான். இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த முள் நின்றுவிட்டது, சரி. சிகிச்சை முடிந்ததும் அக்காவுக்கு ஒரு ஸ்கேன் எடுப்பார்களே? அதற்கு எங்கே போய் முள் பார்ப்பது?

முன்னால் லாரி நகர்ந்துவிட்டது போலிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"முள்ளு அங்கயேதான் இருக்கும்டா. நீ ரோட்டப் பாரு."